போடிமெட்டில் கார் பந்தயம் கேட்ட வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் தேனிக்கார அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் படித்தேன். போடிமெட்டு மலைச்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை கார் பந்தயம் நடத்த வேண்டும், இத்தாலியின் சிசிலித் தீவில் 'டார்கா ஃப்ளோரியோ' என்று நடந்ததே, அதைப்போல நடத்தினால் சுற்றுலா வளரும், கடைகண்ணிக்கு வியாபாரம் பெருகும் என்று எழுதியிருந்தார். மலையில் அதற்கென்றே கட்டிய தடத்தில் ஓடிய பந்தயம் அது என்றும், செலவு கட்டுப்படியாகாமல் நின்றுபோனது என்றும் இரண்டு தகவல் கொடுத்திருந்தார். இரண்டும் தவறு. அன்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் பக்கத்தில் யாராவது டார்கா ஃப்ளோரியோவைப் பற்றிப் பேசமாட்டார்களா என்று 45 வருடமாகக் காத்திருந்தவன் நான். கடைசியில் ஒருவர் பேசினார், அவரும் தப்பாகப் பேசிவிட்டார். பேனாவை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறை வட்டாரத்தில், ஏலத்தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கிற தமிழ்வழிப் பள்ளியில் வேலை. வீடு போடியில். 26 வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஆரம்பத்தில் பஸ், பஸ் வராத நாளில் கூலியாட்கள் போகிற ஜீப், கடைசிப் பத்து வருடம் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பத்மினி கார். மேலே என்னை 'மாஷே' என்பார்கள். முந்தல் சோதனைச்சாவடி தாண்டி இறங்கிவிட்டால் 'சார்'.

கார் பைத்தியம் பிடித்தது சைதாப்பேட்டையில் பி.எட். படித்தபோது. விடுதி அறையில் கூட இருந்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. அதில்தான் அப்போது பந்தயம். வெயில், புழுதி, வைக்கோல் கட்டு, காதைப் பிளக்கும் சத்தம். முதல் அரைமணி நேரம் வாயைப் பிளந்து பார்த்தேன். அப்புறம் சலித்துவிட்டது. நான் மலையடிவாரத்தில் பிறந்தவன். தட்டையான இடத்தில் ஒரு கார் திரும்பத் திரும்ப என் முன்னால் வந்துபோவதில் என்ன இருக்கிறது? ரோடு என்றால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக வேண்டும், நடுவே ஏறி இறங்கி வளைய வேண்டும்.

அடுத்த வாரம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த ஆங்கில மோட்டார் பத்திரிகை கிடைத்தது. விலை எட்டணா. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். குறுகலான மலைக்கிராமத் தெரு. காரை பெயர்ந்த சுவரில், நம் ஊரில் தேர்தலுக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பில் 'விவா நீனோ' என்று ஆளுயர எழுத்து. நீனோ வாழ்க என்று அர்த்தம். தெருவில் ஒரு சிவப்பு ரேஸ் கார் பறக்கிறது. காருக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே நாலடி இருந்தால் அதிகம். அந்த வாசலில் கறுப்பு உடுத்திய கிழவி ஒருத்தி நாற்காலி போட்டு, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, தேர் பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கிறாள்.

நீனோ வக்கரெல்லா யார் என்று பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். பலெர்மோ நகரத்துக்காரர். தொழில், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்! 'பறக்கும் தலைமையாசிரியர்' என்றே பட்டப்பெயர். வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றிலிருந்து அந்தப் பந்தயத்தைப் பற்றி எங்கே எது அகப்பட்டாலும் விட்டதில்லை. இப்போது பேரன் தன் கைப்பேசியில் பழைய படச்சுருள்களைக் காட்டுகிறான், பாதிக்கு மேல் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

சரி, முதல் தவறுக்கு வருகிறேன். அதற்கென்று கட்டிய தடம் எதுவும் கிடையாது. அது ஊர்ச்சாலை. சிசிலியின் வடக்கே மடோனியே மலையில் செர்தா, கல்த்தவுத்தூரோ, கொல்லெசானோ, கம்போஃபெலிச்சே என்று இருக்கும் ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிற சாதாரண ரோடு. மற்ற நாட்களில் அதில் கழுதையும் ஆட்டுமந்தையும் காய்கறி வண்டியும் போகும். அந்தச் சாலையில் பந்தயம் விட வேண்டும் என்று நினைத்தவர் வின்சென்சோ ஃப்ளோரியோ. சூரைமீன் பிடிப்பு, மார்சாலா ஒயின், கப்பல் என்று கொழித்த குடும்பத்துப் பிள்ளை. முதல் பந்தயம் நடந்த 1906-ல் அவருக்கு வயது 23. ஜெயித்தவருக்குக் கொடுக்கிற தகட்டுக்கு இத்தாலியில் 'டார்கா' என்று பெயர். ஃப்ளோரியோ கொடுக்கிற தகடு, டார்கா ஃப்ளோரியோ.

1906 மே 6-ஆம் தேதி. ஒரு சுற்று சுமார் 148 கி.மீ., மொத்தம் மூன்று சுற்று. இட்டாலா என்ற காரில் அலெஸ்ஸாண்ட்ரோ கான்யோ ஒன்பதரை மணி நேரம் ஓட்டி ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 47 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சிரிக்க வேண்டாம். தார் பார்க்காத, கல்லும் மண்ணுமான மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவுகளில், மரச்சக்கரத்தோடு ஒன்பதரை மணி நேரம்.

ஒரு விஷயத்தை அன்பர் கவனிக்க வேண்டும். அந்தப் பந்தயத்தில் கார்களை வரிசையில் நிறுத்தி ஒரே நேரத்தில் கிளப்பிவிட மாட்டார்கள். ரோடு தாங்காது. ஒவ்வொன்றாக, நடுவே இடைவெளி விட்டு அனுப்புவார்கள். முன்னால் போகிறவனை முட்டி முந்துவதல்ல அங்கே வேலை. கடிகாரத்தோடுதான் போட்டி. முதலில் வந்து சேர்ந்தவன் ஜெயித்தவன் இல்லை, கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகுதான் யார் ஜெயித்தார் என்று தெரியும். கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த பந்தயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் சில வருடம் தீவை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினார்கள், ஏறக்குறைய 1,000 கி.மீ. முதல் உலகப் போருக்குப் பிறகு சுற்றை 108 கி.மீ. ஆக்கினார்கள். 1932-லிருந்து 72 கி.மீ. கடைசிவரை புகழோடு இருந்தது இந்தச் சின்னச் சுற்றுதான். சின்னது என்றால், ஒரு சுற்றுக்கு 800 வளைவுக்கு மேல் சொல்வார்கள். நம் போடிமெட்டில் பலகை வைத்து எண்ணியிருப்பது 17 கொண்டை ஊசி வளைவு. அதோடு சேர்த்து மற்ற வளைவுகளையும் எண்ணிவிடுவது என்று ஒருநாள் பஸ்ஸில் சட்டைப்பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் ஒரு கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றுவது. நூற்றைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனேன். மெட்டில் இறங்கும்போது பக்கத்துச் சீட்டு அம்மா, "வாத்தியார் தம்பி, பையிலிருந்து புளியங்கொட்டை கொட்டுது" என்றார். அன்றோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1919-ஆம் வருடப் பந்தயம். போர் முடிந்து முதல் பந்தயம், நவம்பர் மாதக் குளிர், மலையில் பனி. பெஜோ காரில் வந்த ஆந்த்ரே புவாய்யோ என்ற பிரெஞ்சுக்காரர் தலைதெறிக்க ஓட்டிக்கொண்டு முடிவுக்கோட்டுக்கு வருகிறார். ஜனங்கள் ரோட்டில் இறங்கி நிற்கிறார்கள். அவர்கள் மேல் ஏறிவிடாமல் பிரேக் அடித்ததில் கார் சுழன்று, பின்பக்கமாகவே கோட்டைத் தாண்டிவிட்டது. இது செல்லாது என்று யாரோ கத்த, ஆளைத் திரும்ப ஏற்றி உட்கார வைத்து, கோட்டுக்கு முன்னால் கொண்டுபோய், முகம் பார்த்த வாக்கில் இன்னொரு தடவை தாண்ட வைத்தார்கள். அவர்தான் அந்த வருட வெற்றியாளர்.

அதே பந்தயத்தில் கடைசி ஆட்களில் ஒருவராக 21 வயதுப் பையன் ஒருவன். கம்போஃபெலிச்சே ஊருக்கு வந்தால் மூன்று போலீஸ்காரர்கள் ரோட்டை மறித்து நிற்கிறார்கள். என்ன விஷயம்? ஓர்லாண்டோ பேசிக்கொண்டிருக்கிறார். அந்த வருடம் பாதி வரைக்கும் நாட்டின் பிரதமராக இருந்தவர். தலைவர் பேசி முடிக்கும்வரை பந்தயக் காரும் நிற்க வேண்டியதுதான். பேச்சு முடிந்தும் விடிவு இல்லை, தலைவரின் வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து வர வேண்டியிருந்தது. பையன் முடிவுக்கோட்டுக்கு வந்தபோது நேரம் குறிப்பவர்கள் கடைசி ரயிலைப் பிடித்துப் போய்விட்டார்கள். ஒரு போலீஸ்காரர் அலாரக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடக் கணக்கில் குறித்துக்கொண்டிருந்தாராம். பையன் ஃப்ளோரியோவிடமே போய்ச் சண்டை போட்டு ஒன்பதாவது இடம் வாங்கினான். பெயர் என்ஸோ ஃபெராரி. பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது. மந்திரி வருகிறார் என்று முந்தலில் ஒன்றரை மணி நேரம் நின்று, முதல் பாடவேளையைக் கோட்டைவிட்ட எனக்கு, இதைப் படித்த அன்று ஃபெராரி சொந்தக்காரர் போல ஆகிவிட்டார்.

1924-ல் ஜெர்மனியிலிருந்து மெர்சிடிஸ் கார்கள் வந்தன. ஜெர்மன் கார் என்றால் வெள்ளை நிறம், இத்தாலியக் கார் என்றால் சிவப்பு, அப்போதைய வழக்கம் அது. வெள்ளைக் காரைக் கண்டால் உள்ளூர்க்காரன் கல்லெடுத்துப் போடுவான் என்று மெர்சிடிஸ்காரர்கள் எல்லாக் காருக்கும் சிவப்பு அடித்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் ஜெயித்தும்விட்டார்கள். அப்புறம் புகாட்டி வரிசையாக ஐந்து வருடம், 1925 முதல் 1929 வரை. அதில் 1926-ல் மஸெட்டி பிரபு இறந்தார். இரண்டு முறை அங்கேயே ஜெயித்தவர், அதே சாலையில்.

1928-ல் ஒரு பெண் வந்தார். செக் நாட்டு எலிஷ்கா யுன்கோவா. பந்தயத்துக்கு முன்னாலேயே வந்திருந்து அந்த 108 கி.மீ. சுற்றை நடந்து பார்த்து, எந்த வளைவுக்கு எந்த மரம், எந்தச் சுவர் அடையாளம் என்று குறித்துக்கொண்டவர். முதல் சுற்று முடிவில் நாலாவது. பெரிய பெரிய ஆண்கள் பின்னால் கிடந்தார்கள். கடைசியில் கார் படுத்திய பாட்டில் ஐந்தாவதாக முடித்தார். அதே வருடம் வேறொரு பந்தயத்தில் அவர் கணவர் இறந்துபோக, அத்தோடு போட்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். யுன்கோவா நடந்து பார்த்த கதையை நான் ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வேன். எதற்கு? பாடத்தை ஒருதடவை முழுக்கப் படித்துவிட்டுத் தேர்வுக்கு வா என்பதற்குத்தான். பையன்கள் ஸ்டியரிங்கைத்தான் நினைத்தார்களே தவிர பாடத்தை நினைக்கவில்லை. அதில் ஒருவன் பின்னாளில் ஜீப் டிரைவர் ஆனான், அவன் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

1930-ல் அக்கில்லே வார்ஸி ஆல்ஃபா ரோமியோவில் கடைசிச் சுற்றில் வருகிறார். கூட ஒரு மெக்கானிக், நம் லாரியில் கிளீனர், கேரள பஸ்ஸில் 'கிளி' என்கிறோமே, அந்த மாதிரி. ஓடும் காரில் பெட்ரோல் சிந்தித் தீப்பிடித்தது. வார்ஸி நிறுத்தவில்லை. கிளீனர் உட்கார்ந்திருந்த மெத்தையை உருவி அடித்து அடித்தே அணைத்தார். ஜெயித்தார்கள். பிரேக் லைனிங் புகைந்த ஜீப்பில் புலியூத்து அருவி வரைக்கும் உட்கார்ந்து வந்தவன் என்ற முறையில், அந்தக் கிளீனருக்கும் ஒரு தகடு கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் போருக்குப் பின் 1955-ல் அது உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்களில் ஒன்றானது. அந்த வருடம் மெர்சிடிஸில் ஸ்டிர்லிங் மாஸும் பீட்டர் காலின்ஸும். மாஸ் ரோட்டை விட்டு விலகி கீழே வயலில் போய் விழுந்தார். சுற்றி நின்ற ஜனங்கள் காரைத் தள்ளி மேலே ஏற்றிவிட்டார்கள். 1924-ல் கல்லெறிவார்கள் என்று எந்த ஊரைக் கண்டு பயந்தார்களோ, அதே ஊர்க்காரர்கள் 31 வருடம் கழித்து மெர்சிடிஸைத் தோள்கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். மாஸும் காலின்ஸும்தான் ஜெயித்தார்கள், மெர்சிடிஸுக்குச் சாம்பியன் பட்டமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு போர்ஷேயின் காலம். மொத்தம் 11 முறை, வேறு எந்தக் கம்பெனியும் அவ்வளவு ஜெயித்ததில்லை. மேல்கூரையைக் கழற்றிவைக்கிற அவர்கள் காருக்கு 'டார்கா' என்று பெயர் வைத்ததும் இந்தப் பந்தயத்தை நினைத்துத்தான். அன்பர் அந்தப் பெயரை அங்கிருந்துதான் பிடித்திருப்பார் என்று ஊகிக்கிறேன். பெரிய எஞ்சின் அங்கே எடுபடாது, இலேசான கார் வேண்டும். 1970-ல் இந்தச் சாலைக்காகவே யோசித்துச் செய்ததுபோல ஒரு காரைக் கொண்டுவந்தார்கள், போர்ஷே 908/3. எடை 550 கிலோ அளவு, 350 குதிரைத்திறன். என் பத்மினி கிட்டத்தட்ட 900 கிலோ, குதிரைகள் 40, அதிலும் சில குதிரைக்கு வயதாகிவிட்டது. ஏழாவது கொண்டை ஊசியில் ரேடியேட்டர் கொதிக்கும், இறங்கி மூடியில் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பேன். அந்த 908-ல் பின்லாந்துக்காரர் லியோ கின்னுனென் 72 கி.மீ. சுற்றை 33 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரி 128 கி.மீ.க்கு மேல். அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

அந்தப் போர்ஷேக்களுக்கு எதிராகத்தான் எங்கள் தலைமையாசிரியர் ஓட்டினார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாடகைக் காரில் கழுதைகளுக்கு நடுவே சுற்றி வளைவுகளை மனப்பாடம் செய்ய வேண்டும். வக்கரெல்லாவுக்கு அது சொந்த ஊர் ரோடு. 1964-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தவர்தான் அவர், ஆனால் சிசிலிக்காரர்களுக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை, நம் ரோட்டில் எப்போது ஜெயிப்பாய் என்பதுதான் கேள்வி. 1965-ல் லொரென்ஸோ பந்தினியோடு சேர்ந்து ஃபெராரியில் ஜெயித்தார். அதன் பிறகு ஐந்து வருடம் தொடர்ந்து போர்ஷே. சுவரில் எழுத்து மட்டும் மாறவில்லை, மழையில் கரைந்தால் திரும்ப எழுதினார்கள். 1971-ல் ஹெஸ்ஸெமன்ஸோடு ஆல்ஃபா ரோமியோவில் வந்து ஜெயித்தார். 1975-ல் இன்னொரு முறை. பந்தயம் முடிந்தால் மறுபடி பள்ளிக்கூடம். 2021-ல் இறந்தார். அன்று நான் யாரிடம் சொல்லித் துக்கம் கேட்பது? வீட்டில் சொன்னேன், "யாரு, உங்க கூட வேலை பார்த்தவரா?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி இரண்டாவது தவறு. செலவு கட்டுப்படியாகாமல் நிற்கவில்லை. கார் சாலையைவிடப் பெரிதாகிவிட்டது. அகலத்தில் இல்லை, வேகத்தில்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. இத்தாலியிலேயே 'மில்லே மில்லியா', ஆயிரம் மைல் பந்தயம், 1927-லிருந்து பிரெஷா நகரத்தில் கிளம்பி ரோம் போய்த் திரும்புவது. 1957 மே 12-ஆம் தேதி, முடிவதற்குச் சிறிது தூரமே இருக்கும்போது, குய்திட்ஸோலோ என்ற ஊர்ப்பக்கம் நேர்ச்சாலையில் தெ போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டியவரும் கூட இருந்தவரும் போனார்கள். ரோட்டோரம் வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். மில்லே மில்லியா அத்தோடு சரி. டார்கா அந்த வருடம் பெயருக்கு நடந்து, அடுத்த வருடம் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப எழுந்தது. மலை ரோட்டில் வளைவு அதிகம், அதனால் அவ்வளவு வேகம் வராது, எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். பல வருடம் அது உண்மையாகவும் இருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 72 கி.மீ. சுற்றுக்கு இருபக்கமும் வேலி போட்டால் 144 கி.மீ. வேலி வேண்டும். வேலிக்குப் பின்னால்தான் அந்தக் கிழவி நாற்காலி போட வேண்டும், வேலியோ அவள் வாசல்படியில் நிற்கும். நடக்கிற காரியமா? 1973-க்குப் பிறகு உலகப் பட்டப் போட்டியிலிருந்து டார்காவை எடுத்துவிட்டார்கள். உள்நாட்டுப் பந்தயமாக நாலு வருடம் இழுத்தது. 1977-ல் 61-வது டார்கா. ஒரு கார் கட்டுப்பாடு இழந்து பார்வையாளர்கள் மேல் பாய்ந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், பலருக்குப் பலத்த அடி. நாலாவது சுற்றோடு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ராலி மட்டும், அதாவது சாலையைத் துண்டு துண்டாக அடைத்து ஒவ்வொரு காராக நேரம் குறித்து விடுகிற போட்டி மட்டும் நடக்கிறது, இன்றும் நடக்கிறது. பழைய பந்தயம் திரும்ப வரவே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அன்பர் விடிகாலை ஐந்தரை மணிக்கு முந்தலுக்கு வர வேண்டும். நான் துணைக்கு வருகிறேன், டீ என் செலவு. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஜீப்பாகப் போகும். கையில் தூக்குவாளி, இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று நான் எழுதினால் போக்குவரத்துத் துறைக்குச் சங்கடம், அதனால் எழுதவில்லை. முதலில் போய் இறக்கிவிட்டு இன்னொரு நடை அடிக்கலாம் என்ற அவசரத்தில் டிரைவர்களுக்குள் தினமும் ஒரு பந்தயம் நடக்கிறது. தகடு இல்லாத பந்தயம்.

அப்படி ஒரு ஜீப்பில்தான் ஒருநாள் நானும் போனேன். ஓட்டியவன் மேலே சொன்ன ஒன்பதாம் வகுப்பு மாணவன். பதினொன்றாவது வளைவில் முன்னால் போகிற ஜீப்பை உள்பக்கமாக வாங்கப் பார்த்தான். மேலேயிருந்து லாரி இறங்கியது. ஏறுகிற வண்டிக்கு முதல் வழி என்பது மலைரோட்டுச் சட்டம், லாரிக்காரர் பாவம் நிறுத்தத்தான் பார்த்தார். எங்கள் ஜீப் தடுப்புச்சுவரை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் தூக்குவாளி மட்டும் சுவரைத் தாண்டிப் பறந்து, பள்ளத்தில் டங், டங் என்று வெகுநேரம் இறங்கிக்கொண்டே போனது. எல்லாரும் அந்தச் சத்தம் நிற்கும்வரை பேசாமல் இருந்தோம். அப்புறம் அந்த அம்மா அழ ஆரம்பித்தார். உயிர் தப்பியதற்கு இல்லை, மத்தியானச் சோறு போயிற்றே என்று. நான் என் டப்பாவைக் கொடுத்தேன், வாத்தியார் சோறு வேண்டாம் என்றுவிட்டார். அன்று முழுக்க அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது.

இது போதாதென்று இப்போது ஞாயிறு காலைகளில் வெளியூர்ப் பையன்கள் விலையுயர்ந்த காரிலும் பைக்கிலும் வந்து மலையேறுகிறார்கள். ஒருவன் ஓட்ட, ஒருவன் ஜன்னலில் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறான். போன மாதம் ஒரு கார் வளைவில் எதிர்ப்பக்கமாக வந்து, நான் இருந்த ஆட்டோவை மண்ணில் இறக்கிவிட்டுப் போனது. அதன் பின்கண்ணாடியில் 'டார்கா ஃப்ளோரியோ' என்று ஸ்டிக்கர். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி, அவன் அந்தப் பெயரை ஒட்டியிருந்ததற்காக. டார்காவில் ஓட்டியவன் எவனும் எதிரே வண்டி வருமோ என்று தெரியாமல் வளைவை அறுத்ததில்லை. ரோட்டை அடைத்துவிட்டு, ஊருக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

பந்தயமே கூடாது என்று சொல்கிற கிழவன் அல்ல நான். வேகம் பார்க்க ஆசையா, கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே 2003-லிருந்து இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து தடம் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனே கோயம்புத்தூர்ப் பிள்ளைதான். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஊர் ரோட்டிலேயே நடத்திக் காட்டினார்கள், 3.5 கி.மீ. சுற்று. அவ்வளவு தூரத்துக்கு வேலி போடலாம், காவல் நிறுத்தலாம். மலைரோட்டில் நடத்தியே ஆக வேண்டும் என்றால் ராலி மாதிரி ஒவ்வொரு காராக, மேல்நோக்கி மட்டும், நேரம் குறித்து நடத்துவது ஒன்றுதான் வழி.

அதற்கும் அன்பரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எந்த நேரத்தில் ரோட்டை அடைப்பீர்கள்? காலையில் அடைத்தால் கூலிக்குப் போகிற பெண்களுக்கு அன்றைய சம்பளம் போச்சு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையே என்பார். ஏலக்காய் பறிப்பு நேரத்தில் ஞாயிறு என்ன, தீபாவளி என்ன? சாயங்காலம் அடைத்தால் அவர்கள் மேலேயே மாட்டிக்கொள்வார்கள். கம்பம்மெட்டு வழியாகச் சுற்றி வரச் சொன்னால் டீசல் யார் போடுவது? மேலே பூப்பாறையில் உள்ளவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கீழே தேனிக்கு இறங்க வேண்டும், பிரசவ வலி எடுத்தவளை எந்தச் சோதனைச்சாவடியில் நிறுத்திவைப்பது? ரோடு பாதி தமிழ்நாடு, மீதி கேரளா. இரண்டு மாநில அதிகாரிகளையும் ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டால், அன்பருக்கே நான் ஒரு தகடு அடித்துக் கொடுக்கிறேன்.

சிசிலியில் அந்த ஊர்க்காரர்கள் பந்தயத்தை விரும்பினார்கள். சுவரில் எழுதினார்கள், விழுந்த காரைத் தூக்கிவிட்டார்கள், வருடத்துக்கு ஒருநாள் ரோட்டை விட்டுக்கொடுத்தார்கள். முந்தலில் ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்களிடம் யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன். இந்தக் கடிதம் எழுதுவதற்காகவே போன புதன்கிழமை போய்க் கேட்டேன். "கார் பந்தயமா, அன்னைக்கு சம்பளம் போட்டுக் குடுப்பாங்களா?" என்றார் ஒருவர். "அன்னைக்காவது எங்க ஜீப்பு மெதுவாப் போகுமா?" என்றார் இன்னொருவர்.

அந்த மூர் மார்க்கெட் படத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். பழைய மாணவன், இப்போது அவனுக்கும் நரைத்துவிட்டது, ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். காரைப் பற்றிக் கேட்பான், எத்தனை சிசி என்பான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் விரல் வாசலில் போய் நின்றது.

"சார், இந்தப் பாட்டி நாற்காலியக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டிருக்கலாம்ல?"

படத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். வெளியிட்டால் சுவரில் உள்ள எழுத்து தெரியும்படி வெளியிட வேண்டுகிறேன். கடிதம் நீளம்தான், தேவைப்பட்டால் பத்மினி வருகிற வரிகளை வெட்டிக்கொள்ளலாம், வக்கரெல்லா வருகிற இடத்தில் மட்டும் கத்தரி வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.